ஊதாக் கட்டம்

மே 17, ஞாயிறு

காலண்டர் ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. அரிசி மில் முதலாளிக்கு அடுத்த வருடம் பன்னிரண்டு மாதமும் கடல் படமாக வேண்டுமாம். "சாமி படம் எல்லாரும் போடுதாங்க, நம்ம கடலப் போடுவோம். ஆனா படத்துல மனுசங்க யாரும் இருக்கப்படாது, பாத்துக்கிடுங்க" என்றார். மனிதர் இல்லாத கடல் இப்போதைக்கு எனக்கும் உசிதம் என்று ஒத்துக்கொண்டேன்.

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் வேம்படித்துறை. ஞாயிறு என்றால் அங்கே ஒரு வள்ளமும் கடலில் இறங்காது, ஊரே மாதா கோயில் பூசைக்குப் போயிருக்கும். படத்தில் குறுக்கே யாரும் விழமாட்டார்கள் என்பதால் பதினைந்து வருடமாக என் கடற்கரை வேலைகளை ஞாயிறு காலையில்தான் வைத்துக்கொள்கிறேன். மே மூன்றாம் தேதியும் அப்படித்தான் வைத்தேன்.

அதை இங்கே ஒரு முறை எழுதிவிடுகிறேன், பிறகு எழுதவேண்டியதில்லை. லிங்கதுரைக்கும் சுயம்புகனிக்கும் ஜூன் ஒன்றாம் தேதி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இப்போது எல்லாரும் கேட்கிற மாதிரி, கல்யாணத்துக்கு முந்தைய அவுட்டோர் படம் எடுக்க இருவரையும் இங்கே கூட்டிவந்தேன். நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை தானாகவே தண்ணீரில் இறங்கினான். அலை இழுத்துவிட்டது. உடல் இன்னும் கிடைக்கவில்லை. அன்றைய மெமரி கார்டு உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டுப்போனது. போலீஸ் ஸ்டேஷனிலும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் வேறு மாதிரி சொன்னாள். துக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இன்று ஏழெட்டுப் படம் தேறியது. ஒரே ஒரு தொந்தரவு. என் கேமரா முகத்தைக் கண்டால் அதைச் சுற்றி ஒரு சின்னக் கட்டம் போட்டு, அங்கேயே ஃபோகஸும் வைத்துவிடும். வெறும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கட்டம் வந்தது. அலை உடைகிற இடத்துக்கு அப்பால், கடுகளவு. இரண்டு நொடி நின்றுவிட்டுப் போய்விட்டது. கதவு, பானை, கோயில் யாளி என்று கண்டதையும் முகம் என்று நினைத்துக்கொள்வது இந்தக் கருவிக்கு வழக்கம்தான்.

மே 20, புதன்

ஸ்கூட்டர் பஞ்சர், அரை மணி நேரம் வீண். வேம்படித்துறை போய்ச் சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது.

கட்டம் மறுபடி வந்தது. இன்று நிறமும் தெரிந்தது. ஊதா.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கல்யாண வேலை என்றால் மாப்பிள்ளை, பெண் இருவர் முகத்தையும் முன்கூட்டியே கேமராவில் பதிந்துவைத்துவிடுவேன். மண்டபத்தில் ஐந்நூறு பேர் நின்றாலும் கேமரா அந்த இருவரைத் தேடிப் பிடிக்கும். தெரியாத முகத்துக்கு வெள்ளைக் கட்டம் போடும். பதிந்த முகத்துக்கு ஊதா. இப்போது அதில் பதிந்திருப்பது இரண்டே முகங்கள், மே மூன்றாம் தேதி காலையில் பதிந்தவை. அழிக்க மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது.

கரையில் தொம்மை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் விசைப்படகுக்குப் போகிறவர், மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஊரில் இருக்கிறார். அன்று பூசையிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவந்து, வள்ளத்தை இறக்கி, சாயங்காலம் வரை தேடியவர் அவர்தான். "மத்த நாளா இருந்தா இங்கன இருவது வள்ளம் கெடக்கும் அண்ணாச்சி. எட்டிப் புடிச்சிருப்போம். ஞாயித்துக்கெழமையில கூட்டியாந்துட்டியளே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னார். எனக்கு வெற்றிலை கொடுத்தார். நான் போடுவதில்லை என்றேன்.

மே 23, சனி

தூத்துக்குடிக்குப் போய் கேமராவைச் சர்வீஸ்காரரிடம் காட்டினேன். கடையில் இருந்த எல்லார் முகத்தின் மீதும் ஒழுங்காக வெள்ளைக் கட்டம் போட்டது. சுவரைக் காட்டினால் சும்மா இருந்தது. "கத்திரி வெயிலு அண்ணாச்சி. நமக்கே மண்ட காயுது, மிஷினுக்குக் காயாதா?" என்று சிரித்துவிட்டு, லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். எனக்குப் பெரிய நிம்மதி. வரும் வழியில் வீட்டுக்காரி ரதிக்கு மக்ரூன் வாங்கினேன். என்ன விசேஷம் என்று கேட்டாள்.

மே 28, வியாழன்

இடத்தை மாற்றிப் பார்ப்போம் என்று மணப்பாடு போனேன். மணல் குன்று, கலங்கரை விளக்கம், சிலுவை எல்லாம் இருக்கிறது, மில் முதலாளிக்குப் பிடிக்கும். ஜூலை மாதத்துக்கு ஒரு படம் நன்றாக அமைந்தது.

அங்கேயும் வந்தது. இந்த முறை மிளகளவு.

கட்டம் பெரிதானால் ஆள் கிட்டே வந்திருக்கிறான் என்று அர்த்தம். ஆள் என்று இங்கே யாரையும் குறிப்பிடவில்லை, தொழில் விதியைச் சொல்கிறேன். இருநூறு அடி தூரத்தில் இருந்தது நூற்றைம்பது அடிக்கு வந்திருக்கும். இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயும் தூரம் குறைந்திருக்கிறதே தவிரக் கூடவில்லை. வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. பயந்துதான் போனேன், எழுதுவதற்கு என்ன வெட்கம்.

ஜூன் 1, திங்கள்

இன்று வேலை எதுவும் இல்லை. ஆர்டர் நோட்டில் இன்றைய தேதியில் இருந்த பெயர்களைக் கோடு போட்டு அடித்தேன்.

ஜூன் 4, வியாழன்

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குக் காலையிலிருந்து பிள்ளைகள் கூட்டம். அழுத பிள்ளைகளைச் சிரிக்கவைக்கிற வித்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மத்தியானம் சோறு போடும்போது ரதி சொன்னாள்: "அந்தப் புள்ள கனி இருக்கால்லா, அவ தங்கச்சிக்குப் பேசி முடிச்ச எடம் வேண்டாம்னுட்டாங்களாம். கட்டிக்கப்போறவன கடலுக்குக் கூட்டிட்டுப் போயி முழுங்கக் குடுத்தவ, அவ தங்கச்சி நமக்கு என்னத்துக்குன்னு கேக்காங்களாம்."

நான் ரசம் கேட்டேன்.

"கடல்ல எறங்கி நில்லுங்கன்னு அவதான் ஆசப்பட்டுக் கேட்டாளாம். ஊரே சொல்லுது. நீங்கதான் அங்க இருந்தீங்க. ஒரு வார்த்த போய் நடந்தது இதுன்னு சொன்னா என்ன?"

"நான் லென்ஸ் மாத்திக்கிட்டிருந்தேன். பாக்கல."

"அது என்ன லென்ஸோ, மாத்தி முடியாத லென்ஸு" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள். இவளிடம் நான் அதிகம் பேசாமல் இருப்பது நல்லது.

சாயங்காலம் கேமராவில் பதிந்திருந்த இரண்டு முகங்களையும் அழித்தேன். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று அது ஒரு முறை கேட்டது. பதில் சொல்ல விரல் உடனே வரவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

வேம்படித்துறை. கச்சான் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, முக்காலி நிற்கவே இல்லை. கோயிலில் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, கரையில் ஒரு ஆள் கிடையாது.

கட்டம் வந்தது. வெள்ளையாக.

கேமராவுக்கு அது யாரென்று இப்போது தெரியாது. யாரோ ஒருவர் என்று நினைத்துக் கட்டம் போட்டிருக்கிறது. எனக்கென்னவோ ஊதாவே தேவலை என்று தோன்றியது.

கட்டம் இன்று கட்டைவிரல் நகம் அளவு. இடுப்பளவுத் தண்ணீர் இருக்கும் இடத்தில் அசையாமல் நின்றது. அலை அதைத் தாண்டி வந்து உடைந்தது, அது அப்படியே நின்றது. பிறகு பெரிய கட்டம் மறைந்து அதற்குள் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. அது கண்ணுக்கானது. முகம் திரும்பியிருந்தால் இந்தக் கேமரா கண்ணைப் பிடிக்காது. கேமராவை நேராகப் பார்க்கிறவருக்குத்தான் அது வரும்.

படம் எடுக்கவில்லை. முக்காலியை மடக்காமல் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டருக்கு ஓடினேன்.

ஜூன் 9, செவ்வாய்

இனி கடலுக்குப் போவதில்லை. மில் முதலாளிக்குப் பத்துப் படம் போதும், டிசம்பருக்கும் நவம்பருக்கும் பழைய படத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அவருக்குத் தெரியவா போகிறது.

பதினொரு மணிக்கு ஒரு டீச்சரம்மா பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, கேமராவைத் தூக்கினேன். கட்டம் அவர் முகத்தில் விழவில்லை. அவருடைய இடது தோளுக்கு மேலே, நீலத் திரைக்கு முன்னால் போய் நின்றது. திரையில் பாதியை அடைத்துக்கொண்டது. அந்த அளவுக்கு எட்டடி தூரம் கணக்கு.

டீச்சரம்மா திரும்பிப் பார்த்தார். "யாரு சார் பின்னால? நீங்க என்னையப் பாக்காம அங்க பாக்கீங்களே" என்றார்.

ஃபோகஸைக் கையாலேயே வைத்து எடுத்துக் கொடுத்தேன். படம் மங்கல் என்று மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். முப்பது வருடத் தொழிலில் பாஸ்போர்ட் படம் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை.

ஜூன் 10, புதன்

கனி ஸ்டூடியோவுக்கு வந்தாள். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள். ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஞாயித்துக்கெழம அமாவாச. வேம்படித்துறையில வச்சு அவருக்குக் காரியம் செய்யுதாங்க. பதினஞ்சாம் தேதி தடை முடிஞ்சு விசைப்படகு கடலுக்கு ஏறிரும்லா, வலையில ஏதும் தட்டுப்படுறதுக்கு முன்னால செஞ்சு முடிச்சிரணும்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்களாம். என்னைய வரக்கூடாதுன்னு ஆளு விட்டிருக்காங்க."

"எதுக்கும்மா நீ அங்க போய்க்கிட்டு" என்றேன். வேறென்ன சொல்வது.

"நான் அன்னைக்கு ஸ்டேஷன்ல என்ன சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்க வயசுல பெரியவங்க, ஊருக்குத் தெரிஞ்சவங்க. நீங்க அப்பிடி இல்லன்னு சொன்னதும் எல்லாரும் உங்களத்தான் நம்புனாங்க. அதுகூடப் பரவால்ல அண்ணாச்சி. எங்கப்பாவும் நம்பிட்டாங்க. நான் பொய் சொல்லுதேன்னு எங்கப்பா நெனைக்காங்க."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கேமராவைப் பார்த்தாள். "கார்டு கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க. நெசமாவே கெட்டுப்போச்சா?"

"ஆமாம்மா."

போய்விட்டாள். டீ வாங்கித் தந்திருக்கலாம்.

ஜூன் 11, வியாழன்

சமையல் கேஸ் வந்தது. சிலிண்டரை நானே உள்ளே தூக்கிவைத்தேன். கேமராவைத் தொடவில்லை.

ஜூன் 12, வெள்ளி

கார்டு கெட்டுப்போகவில்லை.

எழுதிவிட்டேன். இனி மீதியையும் எழுதிவிடலாம்.

என் கையில் ஒரு கேமரா இருந்தது. முக்காலியில் இன்னொன்று வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, அதில் பேச்சும் பதியும். அந்தக் கார்டை அன்றே எடுத்துப் பழைய ஃபிளாஷ் உறைக்குள் போட்டுவைத்தேன். இன்று மத்தியானம் ஸ்டூடியோ ஷட்டரை இறக்கிவிட்டு முதல் தடவையாகப் பார்த்தேன். நான் அதில் எங்கேயும் லென்ஸ் மாற்றவில்லை.

"இன்னும் ஒரு அடி பின்னால போங்க மாப்ளே" என்று நான் சொல்கிறேன். அவன் முழங்கால் தண்ணீரில் சிரித்துக்கொண்டு நிற்கிறான், வெள்ளைச் சட்டை, சுருட்டிவிட்ட பேண்ட். "இன்னும் ஒரு அடி. காலு தெரியப்படாது, கடலுக்குள்ளேருந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கணும்." அவன் போகிறான். "போதும் அண்ணாச்சி, அவருக்கு நீச்சல் தெரியாது" என்று கனியின் குரல் கேட்கிறது. "நீ சும்மா இரும்மா, கத்துனா மேக்கப் கலைஞ்சிரும்" என்று என் குரல். எல்லாரையும் சிரிக்கவைக்கிற என்னுடைய வழக்கமான குரல்.

எண்ணினேன். 'இன்னும் ஒரு அடி' என்று நான் ஏழு தடவை சொல்லியிருக்கிறேன். 'போதும்' என்று அவள் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஏழாவது அடியில் அவன் காலுக்குக் கீழே மணல் இல்லை. பிறகு அலை. அதற்குப் பிறகும் என் கையில் இருந்த கேமராவின் ஷட்டர் சத்தம் நான்கு தடவை கேட்கிறது. அவள் தண்ணீருக்குள் ஓடுகிறாள். நான் எங்கேயும் ஓடவில்லை. பழக்கதோஷம் என்று சொல்லலாம். சொல்லமாட்டேன். நான் கெட்டவனாகத்தான் நடந்துகொண்டேன்.

பார்த்து முடித்தபோது தோளுக்குப் பின்னால் ஈர வாடை அடித்தது. திரும்பவில்லை. "நாளன்னைக்கு வாறேன்ய்யா" என்று சத்தமாகச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று யாராவது கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன்.

ஜூன் 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு வேம்படித்துறை. லிங்கதுரையின் அம்மா தங்கபுஷ்பம், சொந்தக்காரர்கள் பதினைந்து இருபது பேர், ஐயர் ஒருவர். எள், பிண்டம், வாழை இலை எல்லாம் மணலில் தயாராக இருந்தன. தொம்மையும் பூசைக்குப் போகாமல் துணைக்கு நின்றார். கேமரா என் தோளில் தொங்கியது. படம் எடுக்க வந்திருக்கிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பத்தம்மாவிடம் போய், "ஒரு வீடியோ இருக்கும்மா, காரியத்துக்கு முன்னால நீங்க பாக்கணும்" என்று சொல்லி செல்போனைக் கொடுத்தேன். காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அந்தம்மா அதைக் காதோடு வைத்துக்கொண்டார்கள். பிறகு பார்த்தார்கள். முடிந்ததும் என்னைத் திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று நின்றேன். திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார்கள்.

"சிரிக்கான் பாரு" என்றார்கள் பக்கத்தில் நின்ற கூடப்பிறந்த தம்பியிடம். "எம்புள்ள சிரிச்சிக்கிட்டுல்லா நிக்கான்." மூன்றாம் தடவை பார்த்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்கள். "அவ போதும் போதும்னு கத்தியிருக்கா. நான் அவள என்ன பேச்செல்லாம் பேசிட்டேன். ஏன்யா, நாப்பது நாளா இத எங்க வச்சிருந்தீரு?"

"காரியத்த நிறுத்துங்க" என்று ஐயரிடம் சொன்னார்கள். "யாராவது வண்டிய எடுத்துட்டுப் போயி கனியக் கூட்டிட்டு வாங்க. அவ அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. நீரு எங்கயும் போவக்கூடாது. அவ வந்து என்ன சொல்லுதாளோ அதுதான்."

முக்கால் மணி நேரம் எல்லாரும் வெயிலில் காத்திருந்தோம். கனி தன் அப்பாவோடு வந்து இறங்கினாள். அப்பாவிடம் செல்போனைக் கொடுத்தார்கள். பாதி பார்த்ததும் மனுசர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சிரு தாயீ" என்றார். கனி அவர் தோளில் கைவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கேமராவக் குடுங்க."

கொடுத்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற பெரிய டெலி லென்ஸ் அதில் இருந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவர எங்க நிக்கச் சொன்னீங்களோ அங்க போய் நில்லுங்க."

எனக்கும் நீச்சல் தெரியாது. பதினைந்து வருடம் கடலைப் படம் எடுத்தவன் கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்தது கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முழங்கால் வந்ததும் அவளைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"இன்னும் ஒரு அடி" என்றாள்.

போனேன். காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டு ஓடியது.

"இன்னும் ஒரு அடி."

இடுப்பு. தொம்மை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு வந்தார். கனி அவரை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினாள், கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்கவில்லை.

"இதுல கட்டம் கட்டமா வருது. வெள்ளையா ஒண்ணு உங்க மூஞ்சியில. ஊதாவா ஒண்ணு உங்களுக்குப் பின்னால." குரல் கொஞ்சம் உடைந்தது. "இன்னும் ஒரு அடி போங்க. பக்கத்துல வரணும்."

ஊதா என்ற நிறத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த முகத்தை நான் என் விரலாலேயே அழித்திருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தேன். மார்பு வரை தண்ணீர். என் முதுகில் அலை மோதவில்லை. இரண்டு பக்கமும் அலை போகிறது, என் முதுகுக்கு மட்டும் வரவில்லை. பின்னால் யாராவது ஒட்டி நின்றால்தான் அப்படி இருக்கும். சாகப்போகிறேன் என்று நினைத்தேன். இவள் இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு அடி வைப்பேன் என்றும் எனக்குத் தெரிந்தது. வைக்கத்தான் வந்திருந்தேன்.

கிளிக் சத்தம் அத்தனை தூரத்திலிருந்தும் கேட்டது. அவள் கேமராவை இறக்கினாள்.

"போதும்" என்றாள். "ஏறி வாங்க அண்ணாச்சி. அன்னைக்கும் நாந்தான் போதும்னு சொன்னேன்."

தொம்மை என் கையைப் பிடித்து இழுத்துவந்தார். கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள். முதல் கை கனியுடையதாக இருக்கவேண்டும் என்று தங்கபுஷ்பத்தம்மா சொன்னார்கள். நான் நனைந்த துணியோடு தள்ளி நின்று பார்த்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

ஜூன் 15, திங்கள்

விசைப்படகுகள் இன்று கடலுக்கு ஏறிவிட்டன. தொம்மை விடிகாலையிலேயே தூத்துக்குடி போய்விட்டாராம்.

பத்து மணிக்கு ஸ்டேஷனில் இருக்கவேண்டும். முன்னால் எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். என்ன செய்வார்கள் என்று தெரியாது. ரதியிடம் நேற்றே எல்லாம் சொல்லிவிட்டேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுவைத்தாள். அதைப் போட மனம் வரவில்லை, கோடு போட்டதை எடுத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் கனி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் படத்தின் இடது ஓரத்தில் மார்பளவுத் தண்ணீரில் நிற்கிறேன். வலது பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறாள். நான் மங்கலாக இருக்கிறேன், என் கண் மூக்கு எதுவும் தெரியவில்லை. ஃபோகஸ் எனக்கு ஒரு அடி பின்னால் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் ஒவ்வொரு துளியாகத் தெளிவாகத் தெரிகிறது, வேறு எதுவும் இல்லை. எந்த ஸ்டூடியோவிலும் இதைத் தவறிய படம் என்று அழித்துவிடுவார்கள். நான் இரண்டு பிரதி போட்டேன், ஒன்று தங்கபுஷ்பத்தம்மாவுக்கு, ஒன்று கனிக்கு.